நாலு நாள் வீட்டுக்குப் போகாதவர்: ஒரு மெர்ச்சன்டைசர் நேர்முகத் தேர்வும் அதற்குப் பிறகும்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனி. மெர்ச்சன்டைசர், அதாவது பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரைத் தேதிப்படி முடித்துத் தருகிறவர், வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர்: ஜிஎம், எச்ஆர் பார்க்கும் பெண், வெளியாளாகக் கூப்பிடப்பட்ட நான். இருபது வருசத்துக்கு மேல் இந்தத் தொழிலிலேயே குப்பை கொட்டியவள் என்பதால் அவ்வப்போது இப்படி அழைப்பு வரும். எதிரே 26 வயதுத் தம்பி ஒருவர், தாராபுரம் பக்கம், நான்கு வருட அனுபவம். ஆளையும் கம்பெனியையும் கண்டுபிடிக்க முடியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பேச்சைக் கூடியமட்டும் அப்படியே வைத்திருக்கிறேன்.

முதல் கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. ஜிஎஸ்எம் (துணியின் எடை அளவு), ஷ்ரிங்கேஜ் (சுருக்கம்), காஸ்டிங் (விலைக் கணக்கு) எதைக் கேட்டாலும் தடுமாறாமல் சொன்னார். பிறகு எச்ஆர் பெண் தன் தாளில் அடுத்திருந்த கேள்வியைப் படித்தார்.

"டைட்டான டெட்லைன்ல வேலை செஞ்ச அனுபவம் ஒண்ணு சொல்லுங்க."

"பிரஷர் இருந்தாத்தான் மேடம் எனக்கு பெஸ்ட்டா வேலை வரும். போன கம்பெனில ஒரு ஆர்டர், பதினெட்டாயிரம் பீஸ், பாய்ஸ் டி-ஷர்ட்." இங்கே பையர் பெயரையும் ஒரு பீஸ் என்ன விலை என்பதையும் சேர்த்தே சொன்னார். "கடைசி நேரத்துல ஃபேப்ரிக்ல பிரச்சினை. சரக்கு போகாதுன்னே எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. நாங்க டீமா ராத்திரி பகலா உழைச்சோம். நாலு நாள் நான் வீட்டுக்கே போகல. சொன்ன தேதில ஷிப்மென்ட் போயிருச்சு."

முகத்தில் ஒரு பெருமை. எச்ஆர் பெண் தலையாட்டினார். ஜிஎம் அதுவரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார்.

"ஃபேப்ரிக்ல பிரச்சினைன்னு உங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சுது?"

"அது... கடைசிலதானுங்க சார்."

"கடைசின்னா? கட்டிங் போட்டதுக்கு அப்புறமா, முன்னாடியா?"

"முன்னாடிதான் சார்."

"உங்க மேனேஜருக்கு?"

"அவருக்கும் அப்பத்தான் சார்."

"சரிங்க தம்பி" என்று சொல்லி ஜிஎம் பேனாவை மூடினார். அதற்குப் பிறகும் பத்து நிமிடம் பேச்சு நடந்தது. வேலை அந்தப் பேனா மூடியோடு போய்விட்டது என்பது அந்தத் தம்பிக்குத் தெரியாது.

மூன்று பேர், மூன்று மதிப்பெண்

அவர் வெளியே போனதும் தாள்களை மேசைமேல் வைத்தோம். அந்த ஒரு கேள்விக்கு எச்ஆர் பெண் 5-க்கு 4 போட்டிருந்தார், பக்கத்தில் "நல்ல ஈடுபாடு" என்று ஒரு குறிப்பு. நான் 2. ஜிஎம் சைபர் போட்டு அதைச் சுற்றி வட்டமும் போட்டிருந்தார்.

"நாலு நாள் வீட்டுக்குப் போகாத ஆளுங்க சார்" என்றார் எச்ஆர் பெண்.

"அவரை எடுத்தா எனக்கும் நாலு நாள் தூக்கம் போயிருமுங்க" என்றார் ஜிஎம்.

ஒரே பதில், சைபரும் வாங்குகிறது, நாலும் வாங்குகிறது. பதிலில் கோளாறு இருந்தது உண்மைதான், ஆனால் கேள்வி கேட்ட நாங்களும் எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆள் தேர்வு பற்றி நடந்த பல்லாண்டு ஆய்வுகளை 2022-இல் உளவியலாளர் பால் சாக்கெட்டும் உடனிருந்தவர்களும் மறுபடி கணக்கிட்டார்கள். வேலைத்திறனை முன்கூட்டிக் காட்டுவதில் முதலிடம் வந்தது, எல்லோருக்கும் ஒரே கேள்வி, முன்பே முடிவுசெய்த அளவுகோல் என்று நடக்கும் நேர்முகம். எங்கள் ஊரில் கேள்வித்தாள் மட்டும் ஒன்றாக இருக்கும், அளவுகோல் அவரவர் மண்டைக்குள். ஆகவே வேலை தேடுகிறவர் எச்ஆருக்கு ஒரு பதில், ஜிஎம்முக்கு ஒரு பதில் என்று ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. நியாயமில்லைதான். நடப்பு அது.

இப்படி நடந்ததைக் கேட்கும் வழக்கத்துக்கு வயது குறைவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படைக்கு விமானிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருந்த உளவியலாளர் ஜான் ஃபிளனகன், அந்த அனுபவத்தைத் தொகுத்து 1954-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆள் எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பதைவிட, இன்ன சமயத்தில் இன்னது நடந்தது, அவர் இன்னது செய்தார் என்று திரட்டுவது பயன்படும் என்பது அதன் சாரம். "ஒரு அனுபவம் சொல்லுங்க" என்று நாம் கேட்பதெல்லாம் அந்த வம்சம்தான். கேட்பது நடந்த கதையை. தம்பி சொன்னதோ தன்னைப் பற்றிய நற்சான்று.

தேதி எங்கிருந்து வருகிறது

ஜிஎம் ஏன் நாளைக் கேட்டார் என்பதைப் புரிந்துகொள்ள இந்தத் தொழிலின் தேதிகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பனியன் ஏற்றுமதியில் எல்லாம் பின்னாலிருந்து முன்னால் எண்ணப்படுகிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர் உள்ளே போக ஒரு கட்-ஆஃப், அதாவது கடைசி நேரம், உண்டு. அதிலிருந்து பின்னோக்கி லாரி ஏற்றும் நாள், அதற்கு முன் இன்ஸ்பெக்ஷன், அதற்கு முன் பேக்கிங், அயர்னிங், செக்கிங், தையல், கட்டிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அமுக்கி எடுப்பது), டையிங், நிட்டிங், நூல். இந்த அட்டவணையை டைம் அண்ட் ஆக்ஷன், சுருக்கமாக டிஎன்ஏ என்போம். புதிதாகச் சேருகிறவர்கள் ரத்தப் பரிசோதனை என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடைசி வாரத்தில் கெட்டுப்போகும் ஆர்டர் எதுவும் கடைசி வாரத்தில் கெட்டதாக இருக்காது. லேப் டிப், அதாவது சாயம் போட்டுக் காட்டும் மாதிரித் துண்டுக்கு, ஒப்புதல் மூன்று நாள் தள்ளிப்போயிருக்கும், அப்போது யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அந்த மூன்று நாள் அட்டவணையில் கீழே கீழே இறங்கி, கடைசியில் பேக்கிங் பெண்களின் தலையில் விடியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது துணியை வெளியூர்களுக்கு ஏற்றியனுப்பிச் சாயம் போட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு, ஒரு லாட் (ஒரே தடவையில் சாயம் போடும் துணி) ஷேடு பிசகினால் எத்தனை நாள் போகும் என்பது கைரேகை மாதிரித் தெரியும். 2023 கடைசியில் செங்கடல் பிரச்சினை வந்து, ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியதும் கடலிலேயே பத்துப் பதினைந்து நாள் கூடுதலாகப் போயிற்று. அந்த நாள்களை எங்கேயாவது ஈடுகட்டியாக வேண்டுமல்லவா, ஃபேக்டரித் தேதியைத்தான் முன்னால் இழுப்பார்கள்.

தேதி தவறினால் என்ன ஆகும்? பையர் தள்ளுபடி கேட்பார். இல்லையென்றால் விமானத்தில் அனுப்பு என்பார், செலவு நம்முடையது. விமானக் கட்டணம் அந்த ஆர்டரின் லாபத்தைத் தின்றுவிட்டு அடுத்த ஆர்டரையும் பார்க்கும். மூன்று நாள் முன்னால் தெரிந்தால் வழி இருக்கும், அன்றைக்கே தெரிந்தால் பணத்தைத் தவிர வேறு வழி இருக்காது. அதனால்தான் ஒரு ஜிஎம் காதில் "டெட்லைன்" என்று விழுந்தால் அவர் முதலில் தேடுவது, இந்த ஆள் எப்போது வாயைத் திறப்பார் என்பதை.

உண்மையில் நடந்தது

பத்து நாள் கழித்து அந்தத் தம்பியே எனக்குப் போன் செய்தார். நம்பரை எங்கே பிடித்தாரோ.

"அக்கா, எடுக்கலைன்னு மெயில் வந்துருச்சுங்க. ஏன்னு மட்டும் சொன்னீங்கன்னா..."

இப்படிக் கேட்கிறவர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். வந்து உட்கார்ந்ததும், அந்தப் பதிலை மறந்துவிட்டு அந்த ஆர்டரின் காலண்டரை எழுதச் சொன்னேன், கிழமை போட்டு. முதலில் எழுத வரவில்லை. மெயிலையும் வாட்ஸ்அப்பையும் பார்த்துப் பார்த்து எழுதினார். எழுதி முடித்தபோது அவருக்கே ஆச்சரியம்.

பதினெட்டாயிரம் பீஸ், மூன்று கலர், கலருக்கு ஆறாயிரம். நேவி கலருக்கு 900 கிலோ துணி, 300 கிலோ வீதம் மூன்று லாட்டாக டையிங் போயிருந்தது. லாரி ஏற்றும் நாள் ஒரு வியாழக்கிழமை. அதற்கு ஒன்பது நாள் முன்னால், செவ்வாய் காலை பத்தரைக்கு டையிங் மாஸ்டர் போன் செய்கிறார்: மூன்றாவது லாட் ஷேடு குறைச்சல். தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போய் ஸ்வாட்சை, அதாவது மாதிரித் துண்டை, வாங்கி வந்து லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தார். பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கில் கொஞ்சம் தப்பித்தது, கடை விளக்கான டிஎல்84-இல் அப்பட்டமாகத் தெரிந்தது. இரண்டாயிரம் பீஸுக்கான துணி.

அடுத்த வரியைத் தயங்கித் தயங்கி எழுதினார். புரொடக்ஷன் மேனேஜரிடம் சொன்னது புதன் மாலை ஆறு மணிக்கு.

"ஒன்றரை நாள் என்ன பண்ணுனீங்க தம்பி?"

"நாமளே டையிங்ல பேசிச் சரி பண்ணிரலாம்னு நெனச்சேனுங்கக்கா. பிஎம் கத்துவாரு."

அவர் கத்தினாராம். பத்து நிமிடம் கத்திவிட்டு, பதினோராவது நிமிடத்தில் கட்டிங் வரிசையை மாற்றி, இரண்டு தையல் லைனைத் திங்கள், செவ்வாய்க்கு ஒதுக்கிவிட்டார். ஷேடு வெளுப்பாக இருந்ததால் டாப்பிங், அதாவது மேலே இன்னும் கொஞ்சம் சாயம், போட்டு ஏற்றிவிடலாம். அடர்ந்து போயிருந்தால் சாயத்தை உரித்து மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். வியாழன் ராத்திரி தம்பி பட்டறையிலேயே இருந்தார். சனிக்கிழமை துணி காம்பாக்டிங் முடிந்து வந்தது. ஞாயிறு கட்டிங். திங்கள், செவ்வாய் தையல்.

புதன் இரவே பையருக்கு மெயில் போயிருந்தது. அந்த மெயிலை வாங்கிப் படித்தேன். அருமையான மெயில். பதினாறாயிரம் பீஸ் தேதிப்படி தயாராகும், இரண்டாயிரத்துக்குத் திட்டம் இது, டாப்பிங்கிலும் ஷேடு வராவிட்டால் அடுத்த கப்பலில் அந்த இரண்டாயிரம் மட்டும் அனுப்பச் சம்மதமா, வெள்ளிக்கிழமை மதியம் ஸ்வாட்ச் படத்தோடு நிலவரம் சொல்கிறேன் என்று ஆறே வரி. பையர் பகுதி ஷிப்மென்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் திட்டவும் இல்லை.

அடுத்துதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இன்ஸ்பெக்ஷன் புதன்கிழமை. செவ்வாய் ராத்திரி தைத்து முடியும் இரண்டாயிரத்தை அதற்குள் செக் பண்ணி, அயர்ன் பண்ணி, பாலிபேக் போட்டுக் கார்ட்டன் கட்ட முடியாது. எல்லோரும் இன்ஸ்பெக்ஷனை வியாழனுக்குத் தள்ளலாம் என்றார்கள். தள்ளினால் லாரி வெள்ளிக்குப் போகும், கட்-ஆஃப் போய்விடும். இந்தத் தம்பி இன்ஸ்பெக்ஷன் விதியை எடுத்துப் படித்திருக்கிறார். சரக்கு முழுவதும் தைத்து முடிந்திருக்க வேண்டும், ஆனால் பேக்கிங் 80 சதவீதம் இருந்தால் போதும். பதினெட்டாயிரத்தில் பதினாறாயிரம் என்றால் கிட்டத்தட்ட 89. நாளை மாற்றாமல் புதனே நடத்தினார்கள். அந்த அளவு ஆர்டருக்கு 315 பீஸ் உருவிப் பார்ப்பார்கள். எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏக்யூஎல் அளவு 2.5-இல் பெரிய குறை 14 வரை பாஸ், 15 வந்தால் ஃபெயில். ஒன்பது வந்தது. புதன் ராத்திரி பேக்கிங்கோடு அவரும் இருந்தார், வியாழன் ராத்திரி லாரி கிளம்பியது.

"நாலு நாள் வீட்டுக்குப் போகலைன்னீங்களே?"

எண்ணிப் பார்த்தார். "ரெண்டு ராத்திரிதானுங்கக்கா."

ஆக, அந்த அறையில் அவர் சொன்ன கதையில் இல்லாத இரண்டு ராத்திரி இருந்தது, இருந்த மெயில் இல்லை, 80 சதவீத விதி இல்லை. கையில் தங்கத்தை வைத்துக்கொண்டு கவரிங்கைக் காட்டியிருக்கிறார். இணையத்தில் படித்த மாதிரிப் பதில்தான் காரணம். "பிரஷரில் எனக்கு நன்றாக வேலை வரும்" என்ற வாக்கியம் முதலில் வந்து உட்கார்ந்துவிட்டதால், அதற்குத் தோதாக ராத்திரிகளை அடுக்கினார். ஸ்டார் முறை என்று ஒன்று கல்லூரிகளில் சொல்லித்தருகிறார்கள்: சூழல், பொறுப்பு, செயல், விளைவு. அவர் பதிலில் அந்த நான்கும் இருந்தன, நான் சரிபார்த்தேன். கிழமை மட்டும் இல்லை.

ஒன்றரை நாள்

இனி என்ன சொல்வது என்ற பேச்சு வந்தபோது பெரிய வாக்குவாதம் அந்த ஒன்றரை நாளைப் பற்றித்தான்.

"என் தப்ப நானே சொன்னா எடுப்பாங்களாக்கா?"

சில இடங்களில் எடுக்க மாட்டார்கள். அதை அவரிடம் மறைக்கவில்லை. தப்பு என்ற சொல்லைக் கேட்டாலே மதிப்பெண்ணைக் குறைக்கும் ஆள்கள் இருக்கிறார்கள். ஆனால் மறைத்தால் என்ன ஆகிறது என்பதை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். தொழில் தெரிந்தவர் நேராக அந்த இடத்தில்தான் விரலை வைப்பார், "கடைசிலதானுங்க" என்று இழுக்க வேண்டிவரும், இழுவை பொய்யாகக் காதில் விழும். அதைவிட அந்த ஒன்றரை நாளுக்கு ஒரு விலை இருந்தது. செவ்வாயே சொல்லியிருந்தால் துணி வெள்ளிக்குள் வந்து, சனிக்கிழமை கட்டிங் முடிந்திருக்கும். சொல்லாததால் ஞாயிறு கட்டிங் ஆட்களை வரவைத்தார்கள். சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். தன் தப்புக்கு விலை போடத் தெரிந்த மெர்ச்சன்டைசரை நான் என்றால் எடுத்துக்கொள்வேன்.

பையர் பெயரையும் பீஸ் விலையையும் சொன்னது தனிக் கோளாறு. ஜிஎம் அதைத் தாளில் குறித்து வைத்திருந்தார். பழைய கம்பெனி விலையை இங்கே சொல்கிறவர் நாளைக்கு இந்தக் கம்பெனி விலையை இன்னொரு இடத்தில் சொல்வார். "ஐரோப்பிய பையர் ஒருத்தருங்க" என்பது போதும்.

இன்னொன்று, பதிலை முதலில் தமிழில் யோசிக்கச் சொன்னேன். மனப்பாட இங்கிலீஷில் தேதி ஒட்டாது. நேர்முகம் இங்கிலீஷில் நடந்தாலும், செவ்வாய்க்கிழமை பத்தரை மணி மனசில் தமிழில் நின்றுவிட்டால் வாய் எந்த மொழியிலும் அதைச் சொல்லிவிடும்.

நான்காவது முறை சொன்னபோது பதில் இப்படி வந்தது. கடிகாரம் பார்த்தேன், ஒன்றரை நிமிடத்துக்குள்.

"பதினெட்டாயிரம் பீஸ் ஆர்டருங்க, மூணு கலர். லாரி ஏத்த ஒன்பது நாள் இருக்கறப்ப, செவ்வாய்க்கிழமை காலைல, நேவில மூணாவது லாட் ஷேடு குறைச்சல்னு டையிங்ல இருந்து போன் வந்துச்சு. ரெண்டாயிரம் பீஸ் துணி. நேர்ல போய் ஸ்வாட்ச் எடுத்துட்டு வந்து பார்த்தேன், டாப்பிங் போட்டே ஆகணும். அங்க ஒரு தப்புப் பண்ணுனேன். நானே சரி பண்ணிரலாம்னு புதன் சாயங்காலம் வரைக்கும் மேனேஜர்கிட்ட சொல்லல. சொன்ன உடனே அவரு கட்டிங், லைன் எல்லாம் மாத்தி வெச்சாரு. அன்னிக்கு ராத்திரியே பையருக்கு எழுதுனேன், என்ன ஆச்சு, என்ன பிளான், வரலைன்னா என்னன்னு. பார்ட் ஷிப்மென்ட் கூடாதுன்னுட்டாங்க. இன்ஸ்பெக்ஷனுக்கு 80 சதவீதம் பேக்கிங் போதும்ங்கறதால அந்த நாளைத் தள்ளாம, ரெண்டாயிரத்தைத் தைச்ச நிலையில வெச்சே முடிச்சோம். வியாழன் ராத்திரி லாரி கிளம்பிருச்சு. கூடுதல் செலவு, ஒரு ஞாயித்துக்கிழமை கட்டிங் டபுள் சம்பளம். நான் செவ்வாயே சொல்லியிருந்தா அது வந்திருக்காது. அதுக்கப்புறம் எந்த லாட் பிசகுனாலும் அன்னிக்கே ஒரு மெசேஜ் போட்டுட்டுத்தான் பட்டறைக்குக் கிளம்புவேன்."

அடுத்து வரும் கேள்விகள்

இந்தப் பதிலுக்குப் பிறகு கேள்விகள் வேறு திசையில் வரும். அதற்கும் உட்கார்ந்து பேசினோம்.

"டாப்பிங்குக்கு எத்தனை நாள் ஆகும்னு எப்படிக் கணக்குப் போட்டீங்க?" அவர் இரண்டு நாள் என்று டையிங் மாஸ்டர் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருந்தார், ஆனது இரண்டரை. மனுசர் போடும் நாள் கணக்கு எப்போதும் இப்படித்தான் இளகும். 1994-இல் வெளியான ஒரு கனடா ஆய்வில் பட்டப்படிப்பு மாணவர்களிடம் ஆய்வேடு முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், எடுத்துக்கொண்டது 55 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன கணக்கே 49-ஐத் தாண்டவில்லை. அதனால் "மாஸ்டர் ரெண்டு நாள்னாரு, போன மூணு டாப்பிங் எத்தனை நாள் ஆச்சுன்னு அவங்க நோட்டைப் பார்த்தேன்" என்று சொல்ல முடிகிறவர் ஒரு படி மேலே. தம்பி அன்று நோட்டைப் பார்க்கவில்லை. ஆகவே அதைச் சொல்லவும் கூடாது. "பார்க்கலைங்க, இனிமேல் பார்ப்பேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன்.

"முடியாத தேதிய முதலாளி ஒத்துக்கிட்டு வந்தா?" இது எங்கள் ஊரில் கற்பனைக் கேள்வியே கிடையாது, வாரம் ஒருமுறை நடப்பது. "முடியும் சார்" என்றாலும் தப்பு, "முடியாது சார்" என்றாலும் தப்பு. லேப் டிப் திங்களுக்குள் ஓகே ஆகணும், நூல் கையில் இருக்கணும், இன்ன பட்டறையில் மிஷின் கிடைக்கணும், இந்த மூன்றில் ஒன்று தவறினால் அன்றைக்கே உங்களிடம் வருவேன் என்று நிபந்தனையோடு ஒத்துக்கொள்கிறவரை முதலாளிகளும் மதிக்கிறார்கள். முகம் கொஞ்சம் கடுகடுக்கும், அவ்வளவே.

மூன்று ஆர்டர் ஒரே நாளில் நெருக்கினால் எதை முதலில் பார்ப்பீர்கள் என்ற கேள்விக்கு "முன்னுரிமைப்படி" என்பது பதிலே அல்ல. எதற்கு அடுத்த வாரம் கப்பல் இருக்கிறது, எந்தப் பையர் முன்பு ஒருமுறை பொறுத்தவர், எது எல்சி (பணத்துக்கு பேங்க் தரும் உறுதிக் கடிதம்) ஆர்டர் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். எல்சியில் கடைசி ஷிப்மென்ட் தேதி தாண்டினால் பேங்க் ஆவணத்தையே மறுக்கலாம். அங்கே கெஞ்சல் செல்லாது.

அனுபவமே இல்லாதவர்கள் என்ன செய்வது என்று இதைக் கேள்விப்பட்ட இன்னொரு பெண் கேட்டாள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி படித்த கதை மட்டும் வேண்டாம், அது திட்டமில்லாததற்குச் சாட்சி. அவளுடைய அப்பா சமையல் கான்ட்ராக்டர். முகூர்த்தத்தன்று விடிகாலை நாலு மணிக்குப் பால் வண்டி வராது என்று தெரிந்ததும், காபியைச் சுக்குமல்லியாக மாற்றிப் பெண் வீட்டாரிடம் நாலேகாலுக்கே போய்ச் சொன்னாளாம். எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. அதையே சொல்லு கண்ணு என்றேன்.

இரண்டாவது அறை

வேறொரு கம்பெனியில் அந்தத் தம்பிக்கு நேர்முகம் வந்தது. நான் அங்கே இல்லை, அவர் சொன்னதுதான். எதிர்பார்த்த கேள்வி வரவே இல்லையாம். அரை மணி நேரம் ஷ்ரிங்கேஜையும் காஸ்டிங்கையும் பேசிவிட்டு எழுந்திருக்கப்போகும் சமயத்தில் மெர்ச்சன்டைசிங் மேனேஜர், "கடைசியா எப்பங்க உங்களுக்கு ஒரு ஷிப்மென்ட் மயிரிழையில தப்பிச்சுது?" என்றார். அதே கேள்விதான், சட்டை மட்டும் வேறு.

செவ்வாய்க்கிழமையில் தொடங்கினார். ஒன்றரை நாள் இடம் வந்தபோது மேனேஜர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாராம். முடிந்ததும் ஒரே கேள்வி.

"அந்த ஞாயித்துக்கிழமை எவ்வளவு ஆச்சு?"

நாங்கள் இதை ஒத்திகை பார்க்கவில்லை. எனக்கே தோன்றவில்லை, என் தவறுதான். விலை விலை என்று அவ்வளவு பேசியவள் ரூபாயைக் கேட்கவில்லை.

"தொகை எனக்குத் தெரியாதுங்க. பத்துப் பேரு, ஒரு ஷிப்ட், டபுள். கட்டிங் சம்பளம் வெச்சுப் போட்டா வரும்." அங்கேயே மேசைமேல் கிடந்த தாளில் பெருக்கிக் காட்டினார். அவர் போட்ட தினக்கூலி கொஞ்சம் குறைவு என்று மேனேஜர் திருத்தினாராம்.

கடைசியில் உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். போன சீசனில் எத்தனை ஷிப்மென்ட் விமானத்தில் போயிற்று என்று கேட்டார். அதை நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். விமானத்தில் நிறையப் போகிற கம்பெனி என்றால் அங்கே டெட்லைன் என்பது யாரோ ஒருவருடைய ராத்திரி, அந்த யாரோ ஒருவர் இவராகப் போகிறார். மேனேஜர் எச்ஆரைப் பார்த்தார், எச்ஆர் கூரையைப் பார்த்தார். "ரெண்டு" என்று பதில் வந்தது. பிறகு "ரெண்டரைன்னு வெச்சுக்கங்க" என்று சிரித்தாராம். அரை ஷிப்மென்ட் எப்படி விமானத்தில் போகும் என்பதை அவர் விளக்கவில்லை.

வேலை கிடைத்தது. கேட்ட சம்பளத்தில் இரண்டாயிரம் குறைவு. பேசிப் பார்க்கச் சொன்னேன், கேட்கவில்லை.

சேர்ந்து மூன்றாவது வாரம் ஒருநாள் மதியம் போன்.

"அக்கா, லேப் டிப் ஒண்ணு லேட்டாகுதுங்க. காலைல ஒன்பது மணிக்கே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"திட்டுனாருங்க."